பிராங்கிளின் சாரின் டாட்ஜ்

இனி ஆயுசுக்கும் பழைய இரும்பைத் தொடுவதில்லை என்று புத்தர் படத்துக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுத்தவன் நான். கொடுத்தேன் என்றால் நானாகக் கொடுக்கவில்லை. என் மனைவி யசோதரா வாங்கினாள்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் லாரி டைனமோ, பீரோவுக்கு மேல் பஸ் ஹாரன், பால்கனியில் ஸ்கூட்டர் என்ஜின் என்று நான் குடிவைத்திருந்தேன். ஒருநாள் டைனமோவில் இடித்து அவள் கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

"இந்த வூட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. அன்று சாயங்காலமே எல்லா இரும்பும் காயலாங்கடைக்குப் போனது. எனக்கு வாக்கு மட்டும் மிஞ்சியது.

என் பெயர் குணசேகரன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக். காண்ட்ராக்ட் வேலை. யார்டு காட்டுப்பள்ளிப் பக்கம் மாறப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். போகும்போது எங்களையும் ஏற்றிக்கொண்டு போகுமா என்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. யசோதரா வியாசர்பாடியில் ஆட்டோக்களுக்கு சீட் கவர் தைக்கிறாள். சொந்த மிஷின், சொந்தக் கடை. அவள் தைத்த சீட்டில் உட்கார்ந்தவர் இறங்கவே மனசில்லாமல் இரண்டு தெரு தள்ளி இறங்குவார் என்று ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள்.

வாக்கை ஒரு மழைக்காலம் முழுக்கக் காப்பாற்றினேன். அப்புறம் ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள்.

இரும்பு உத்தரங்களை இறக்க எங்கள் ஃபோர்க்லிஃப்டைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் கூடப் போனேன். பின்பக்கம் ஒரு ஷெட். ஷெட்டுக்குள் ஒரு மேடு. மேட்டின் மேல் தார்ப்பாய். தார்ப்பாயைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஓர் ஆட்டுக்கடா என்னைப் பார்த்தது.

நிஜ ஆடு இல்லை. குரோமியம் பூசிய ஆடு. பானெட்டின் நுனியில் தலையைக் குனிந்து முட்ட வருகிற மாதிரி நின்றது. அதற்குப் பின்னால் நீண்டு, புடைத்து, வளைந்து, கல்யாணச் சமையல்காரர் வயிறு மாதிரி ஒரு கார். டாட்ஜ் கிங்ஸ்வே. அமெரிக்கா வண்டி. என்னைவிட வயதில் மூத்தது, என்னைவிடப் பல்வரிசை நன்றாக இருந்தது.

வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். நான் அதையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போறதுன்னா எடுத்துக்கோங்க. நாளைக்கு ஷெட்டையும் இடிக்கிறாங்க. காசெல்லாம் வேண்டாம், எங்கப்பா வண்டி. ஓடினா போதும்" என்றார். பெயர் மாற்றும் தாளிலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். வாங்குபவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "நீங்களே எழுதிக்கோங்க."

எழுதக் கை வரவில்லை. என் பெயரில் இதுவரை ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. ஓட்டுகிற ஸ்கூட்டர் மச்சான் பெயரில். இதை நல்ல நாள் பார்த்து, உட்கார்ந்து, நிதானமாக எழுத வேண்டும் என்று மடித்துப் பையில் வைத்தேன்.

வியாசர்பாடியில் கால்பந்து விளையாடிய எவனுக்கும் டாட்ஜ் என்றால் அர்த்தம் வேறு. இடது பக்கம் போகிற மாதிரிக் காட்டி வலது பக்கம் பந்தைக் கடத்துவது. யசோதராவுக்கும் அப்படி ஒரு டாட்ஜ் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். திருவொற்றியூரில் எனக்கு ஒரு தோஸ்து உண்டு, தவசிமுத்து அண்ணாச்சி. தெற்கேயிருந்து வந்து பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் காலி குடோன். வண்டியை அங்கே வைத்து ரெடி பண்ணி, ஒருநாள் பளபளவென்று எங்கள் பிளாக் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், வாக்கெல்லாம் அவளுக்கு மறந்தே போகும். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

நான் முன்னால் உட்கார்ந்து காரைக் கட்டி இழுத்துப் போன லாரி எண்ணூர் விரைவுச் சாலையில் மாட்டிக்கொண்டது. முன்னால் ட்ரெய்லர், பின்னால் ட்ரெய்லர். பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு குரல்.

"இன்னா மாமா, வேலைக்குப் போவல?"

யசோதரா. மடியில் காலிக் கூடை. இறால் வாங்கக் காத்திவாக்கம் போகிறாள்.

"வேலையாத்தான் போய்க்கினு கீறேன்" என்றேன்.

"பின்னால கட்டியிருக்கிறது இன்னா?"

"காரு."

"காருன்னு எனக்கும் தெரியுது. யாரு காரு?"

ஏன் அந்தப் பெயர் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "பிராங்கிளின்" என்றேன். அது பத்தாது என்று தோன்றியது. "பிராங்கிளின் சார்."

"அது யாரு?"

"கப்பல்ல என்ஜினீயரு. ஊர்ல இல்ல. நம்ம கைராசி கேள்விப்பட்டு ரிப்பேருக்குக் குடுத்திருக்காரு."

அவள் காரை ஆட்டுக்கடாவிலிருந்து டிக்கி வரைக்கும் ஒரு முறை பார்த்தாள். என்னையும் அதே மாதிரி பார்த்தாள். "பாவம் அவரு" என்றாள். ஷேர் ஆட்டோ நகர்ந்துவிட்டது.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், பொய் அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் இறால் தொக்கோடு விசாரணை தொடங்கியது.

"அந்த பிராங்கிளின் சாருக்கு எந்த ஊரு?"

"ராயபுரம்."

"கப்பல் இப்ப எங்க போய்க்கினு கீது?"

"பிரேசிலு."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

இல்லை என்றால் புளியந்தோப்பில் இருக்கும் அவள் சித்தி மகள் ஜாதகம், போட்டோ எல்லாம் வரும். "ஆயிடுச்சு. ரெண்டு புள்ளைங்க" என்றேன். ஒரே வேளைச் சாப்பாட்டில் அந்த மனுஷனுக்கு வீடு, மனைவி, மக்கள், மூத்த பையனுக்கு லேசான ஆஸ்துமா வரைக்கும் கொடுத்துவிட்டேன். காரோ ஒன்றுதான், பொய் வண்டி வண்டியாக வந்தது.

மறுநாள் குடோனில் பானெட்டைத் திறந்தேன். உள்ளே இருந்தது வேன் என்ஜின். டீசல். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் எவனோ நல்ல என்ஜினைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டியிருக்கிறான். கச்சேரிப் பாடகர் தொண்டையில் ஆட்டோ ஹாரனை வைத்துத் தைத்த மாதிரி.

"என்னவே, கார் கொண்டாரேன்னு சொல்லிட்டு கப்பலக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீரு" என்றார் அண்ணாச்சி. "இது ஓடுமா, இல்ல என் குடோன்லயே செட்டில் ஆயிருமா?"

"ஓடும் அண்ணாச்சி. ஆனா இந்த என்ஜின்ல ஓட்டினா அது டாட்ஜ் இல்ல. பால் வண்டி."

"ஓடுனா சரிதான, அதுல என்ன சாதி பாக்குதீரு?"

அவருக்குப் புரியாது. அவர் பெயின்ட் விற்பவர். மேல்பூச்சுதான் கண்ணுக்குத் தெரியும்.

அந்த வாரமே யசோதரா சோற்று டப்பாவோடு குடோனுக்கு வந்துவிட்டாள். வந்தவள் நேராகப் பின்கதவைத் திறந்து உள்ளே குந்தினாள். சீட்டை அமுக்கினாள். ஸ்பிரிங் ஒன்று வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

"கலீஜாக் கீது. பிராங்கிளின் சாருக்கு நான் தெச்சித் தரேன்னு சொல்லு. இன்னா கலர் வேணுமாம்?"

எனக்கு மெரூன் ஆசை. "மெரூன் கேட்டாரு" என்றேன்.

"மெரூன் சூடு. கடல் நீலம் போடலாம், கப்பல்காரருக்குப் பொருத்தமா இருக்கும். கேட்டுச் சொல்லு."

"கேக்கறேன்."

"ஒரிஜினல் என்ஜின் எப்படி இருக்கும்?"

இதுவரை என் இரும்பைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. நான் குஷியாகிவிட்டேன். "தலை தட்டையா இருக்கும், டிரங்குப் பெட்டி மாதிரி. அதும் மேல ஆறு பிளக்கு வரிசையா நட்டு வெச்சிருக்கும். ஓடினா சத்தமே கேக்காது. ஆனா இப்பல்லாம் எங்கியும் கிடைக்காதுமே. புதுப்பேட்டை முழுக்கச் சலிச்சிட்டேன்."

"ஓ" என்றாள். சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தேன். நான் சொன்னால் கேட்காத யசோதரா, பிராங்கிளின் சார் சொன்னால் கேட்கிறாள். "வெயில்ல வேலை செய்யறவன் மட்டன் துன்னணும்னு பிராங்கிளின் சார் சொன்னாரு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மட்டன் வந்தது. "மத்தியானம் கொஞ்சம் படுக்கணும்னாரு." தலையணை வந்தது. "டிவில சீரியல் பாத்தா கண்ணு கெடும், பந்து மேட்ச் பாக்கலாம்னாரு." ரிமோட் என் கைக்கு வந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் வீட்டில் ஓர் ஆம்பளை பேச்சு எடுபட்டது அப்போதுதான். அவர் இல்லாத ஆள் என்பது மட்டுமே குறை.

இப்படி ராஜாவாக இருந்துகொண்டிருக்கையில், ஒருநாள் காலையில் டீ டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு யசோதரா சொன்னாள்.

"பிராங்கிளின் சார் போன் பண்ணாரு."

எடுத்த டம்ளரைக் கீழே வைத்தேன். "யாரு?"

"பிராங்கிளின் சார். உன் நம்பர் கிடைக்கலியாம். எனக்குப் பண்ணாரு."

"உன் நம்பரு அவருக்கு எப்படி..."

"நீ குடுத்தேன்னாரே. குடுக்கலியா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர்க் குடம் மாதிரி அலையில்லாமல் இருந்தது. இல்லாத ஆள் எப்படி போன் பண்ணுவார் என்று நான் கேட்டால், இல்லாத ஆளுக்கு எப்படி கார் இருக்கும் என்று அவள் கேட்பாள். "குடுத்தேன், குடுத்தேன்" என்றேன். "இன்னா சொன்னாரு?"

"சிகரெட்ட விடச் சொன்னாரு. பெட்ரோல் வண்டியாண்ட நின்னுக்கினு ஊதறது டேஞ்சராம்."

"வண்டி இப்ப டீசல்தானே."

"அப்பால பெட்ரோல் ஆவும் இல்ல, அப்ப விட முடியாது, இப்பவே பழகிக்கச் சொன்னாரு."

விட்டேன். வேறு வழி? அடுத்த வாரம் பிராங்கிளின் சார் டீயில் சர்க்கரையைக் குறைத்தார். அதற்கடுத்து ராயபுரத்தில் சீட்டாட்டத்தை நிறுத்தினார். டிவியில் பந்து மேட்ச் பார்த்தால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று பிரேசிலிலிருந்தே ரிமோட்டையும் பிடுங்கிவிட்டார். கடல் நீலத்துக்கும் சம்மதம் சொல்லிவிட்டாராம். எனக்கே ஒரு கட்டத்தில் பயம் வந்துவிட்டது. நிஜமாகவே எங்கேயோ ஒரு பிராங்கிளின் இருந்து, நான் சொன்ன பொய் அவர் காதுக்கு எட்டிவிட்டதோ என்று நினைத்தேன். அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"இல்லாத ஆளு எப்படிவே போன் போடுவாரு?"

"அதத்தான் அண்ணாச்சி நானும் கேக்கறேன்."

"என்கிட்ட கேட்டு என்ன, ஒம்ம பொஞ்சாதிகிட்ட கேளும்."

"அவகிட்ட கேக்க முடிஞ்சா நான் ஏன் அவர உண்டாக்கறேன்?"

அண்ணாச்சி பெயின்ட் டப்பாவைக் கலக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யசோதரா காத்திவாக்கத்திலிருந்து இறாலோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். "செல்வநாதன் அண்ணன் ஐஸ் உடைக்கிற ஷெட்டு கீது இல்ல, அதுக்குப் பின்னால ஒரு இரும்பு கெடக்குது. மேல கோழி ஒண்ணு குந்தியிருந்துது. நான் கிட்டப் போனேன், அது எந்திரிச்சுது. கீழ ஆறு பிளக்கு. வரிசையா."

நான் இலையிலிருந்து எழுந்துவிட்டேன். "தட்டையா இருந்துச்சா?"

"டிரங்குப் பெட்டி மாதிரி."

கை கழுவாமலே ஸ்கூட்டரை எடுத்தேன். அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

செல்வநாதன் மீன்பிடிக்கிறவர், கூடவே படகுக்காரர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பவர். அந்த என்ஜின், அவருடைய அப்பா ஒரு பிளைமவுத் காரிலிருந்து கியர் பாக்ஸோடு கழற்றி ஐஸ் மிஷினுக்குப் பூட்டியதாம். பிளைமவுத்தும் டாட்ஜும் ஒரே கம்பெனி, அண்ணன் தம்பி. அண்ணன் என்ஜின் தம்பிக்கு அப்படியே பொருந்தும். பெட்ரோல் குடித்துக் கட்டுபடியாகாமல் வெளியே போட்டுவிட்டார்கள். உப்புக்காற்றில் வெட்டவெளியில் கிடந்ததால் மேலே துரு, உள்ளே எப்படியோ.

மண்டியிட்டு அதன் தலையைத் தடவினேன். கோழி எச்சத்தோடு சேர்த்துத்தான்.

"இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்றார் செல்வநாதன்.

நான் வாயைத் திறப்பதற்குள் யசோதரா முந்திக்கொண்டாள். "எங்களாண்ட நல்ல டீசல் என்ஜின் ஒண்ணு கீதுண்ணே. ஓடற என்ஜின். உங்க ஐஸ் மிஷினுக்குச் சோக்கா இருக்கும். அத்த நீங்க எடுத்துக்கோங்க, இத்த எங்களுக்குக் குடுங்க."

செல்வநாதன் கண் மின்னியது. அப்போது அவருடைய மிஷின் வாடகை மோட்டாரில் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் இழுத்தார். "ஓனரு யாரு? நாளைக்கு வந்து தகராறு பண்ணக் கூடாது."

இதோ என் நேரம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஓனர் கப்பல்ல கீறாரு. எனக்குத்தான் போன் பண்ணுவாரு. நான் சொன்னா சரி" என்றாள் யசோதரா. நெஞ்சைத் திரும்ப இறக்கிக்கொண்டேன்.

பேரம் படிந்தது. மாட்டு வண்டி மாதிரி ஒரு மீன் வண்டியில் டீசல் என்ஜின் காத்திவாக்கம் போனது, அதே வண்டியில் ஆறு பிளக்கு என்ஜின் திருவொற்றியூர் வந்தது. குடோன் முழுக்க ஒரு வாரம் கருவாட்டு வாசனை. வாங்க வந்தவர்களெல்லாம் பெயின்ட்டை மோந்து பார்த்தார்கள் என்று அண்ணாச்சி குறைப்பட்டுக்கொண்டார்.

பிஸ்டன் எல்லாம் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றி, ஊறவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். கார்புரேட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து இட்லிப் பானையில் வேகவைத்தேன்.

"இது இன்னா?" என்றாள் யசோதரா மூடியைத் திறந்து.

"பிராங்கிளின் சாரோட கார்புரேட்டரு."

"வெந்துடுச்சா, இன்னும் நேரம் ஆவுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"சட்னி எதுவும் வேணுமா?"

வேண்டாம் என்றேன். அன்று எங்களுக்கு உப்புமா.

அந்த வாரம்தான் யார்டு காட்டுப்பள்ளிக்குப் போனது. யார்டு போனது, நான் போகவில்லை. காண்ட்ராக்ட்காரர் பட்டியலைப் படித்தபோது என் பெயர் வரும் வரும் என்று நின்றேன். படித்து முடித்து மடித்துவிட்டார்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் குடோனுக்குப் போனேன். என்ஜினைக் காரில் இறக்கியாகிவிட்டது, மவுன்டிங் போல்ட்டுகள்தான் பாக்கி. ஒரு போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்சீட்டு இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பதைத் தொடப்போகிறவனுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்? நான் காரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். வாக்குக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். இரும்பு விலைக்காவது இதைப் போட்டுவிட வேண்டியதுதான்.

யசோதரா எப்போது வந்தாள் என்று தெரியாது. கதவோரம் நின்றாள்.

"யார்டு போச்சு, யசோ."

"கேள்விப்பட்டேன்."

"பிராங்கிளின் சாரும்..." என்று இழுத்தேன். உண்மையைச் சொல்லத்தான் தொடங்கினேன், பாதியில் தைரியம் கழன்றுகொண்டது. "பிராங்கிளின் சாரும் வண்டிய வித்துடலாம்னு சொல்றாரு."

அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் குந்தினாள். வெளியே ஒரு ட்ரெய்லர் போனதில் குடோன் தகரம் நடுங்கி நின்றது.

"என்னாண்ட அப்படிச் சொல்லலியே" என்றாள். "காலைலதான் பேசினாரு. வித்துக்கித்துத் தொலைக்காதீங்க, குணசேகரன் கைல இருக்கிற வேலை எந்தக் கப்பல்லயும் இல்ல, இத்த முடிக்கச் சொல்லுங்கன்னாரு. முடிக்கிற வரைக்கும் வூட்ட நீங்க பாத்துக்கோங்க, தையல் மிஷின் ஓடுது இல்லன்னாரு."

கையிலிருந்த போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அந்த போல்ட்ட கைல வெச்சிக்கினே எவ்ளோ நேரம் குந்தியிருப்ப? பூட்டு."

பூட்டினேன்.

அதற்கப்புறம் காலையும் மாலையும் குடோன்தான். வேலை இல்லாதவனுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒயரிங்கைப் புதிதாக இழுத்தேன். தரையில் இருந்த வேன் கியரைப் பிடுங்கிவிட்டு, ஸ்டியரிங்கோடு ஒட்டிய பழைய கை கியரைத் திரும்ப இணைத்தேன். பிரேக்கைப் புதுப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த உருப்படிகளை வைத்து மாற்றினேன். அண்ணாச்சி முதலில் ஒரு டப்பா பெயின்ட் கொடுத்தார், அப்புறம் ஆசை வந்து தானே பிரஷ் இல்லாமல் ஸ்பிரே துப்பாக்கியோடு வந்து நின்றார். தந்த நிறம். ஆட்டுக்கடாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பிறகு துணியால் மினுக்கியது யசோதரா.

ஸ்டார்ட் பண்ணுகிற அன்று மூன்று பேரும் இருந்தோம். பாட்டிலில் இருந்து பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினேன். இருமியது. மறுபடி அமுக்கினேன். கறுப்பாக ஒரு முறை துப்பியது. மறுபடி அமுக்கினேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"நின்னுட்டாவே?" என்றார் அண்ணாச்சி.

"ஓடிக்கினு கீது அண்ணாச்சி."

"எங்கவே ஓடுது?"

யசோதரா பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கல்யாணத்தன்றுகூட அவளிடம் நான் பார்த்ததில்லை. அன்று அவள் குனிந்த தலை நிமிரவில்லை என்பதும் ஒரு காரணம்.

கடல் நீல சீட்டைப் பூட்டியதும் எனக்கு ஒன்று தோன்றியது. மெரூன் தப்புத்தான்.

இனி தள்ளிப்போடக் கூடாது என்று அன்று சாயங்காலமே வீட்டில் பெயர் மாற்றும் தாளை வெளியே எடுத்தேன். உட்கார்ந்தேன். பேனா மூடியைக் கழற்றினேன். உண்மையைச் சொல்லிவிட்டு எழுதுவதா, எழுதிவிட்டு உண்மையைச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அத்த எடுத்துட்டியா, நல்லதாப் போச்சு" என்றாள் யசோதரா, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. "மத்தியானம் பிராங்கிளின் சார் போன் பண்ணாரு. குடும்பத்தோட பிரேசில்லயே செட்டில் ஆயிட்டாராம்."

"அப்படியா" என்றேன். எனக்குச் சந்தோஷம்தான். சனியன் விட்டது.

"வண்டிய என் பேர்ல எழுதிக்கச் சொல்லிட்டாரு."

பேனா அந்தரத்தில் நின்றது.

"உன் பேர்லயா?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல. நீங்க தெச்ச சீட்டு, நீங்க கண்டுபுடிச்ச என்ஜினு, நீங்க வெச்சிக்கோங்கன்னுட்டாரு. பெரிய மனுசன். இன்னா பாத்துக்கினு கீற, எழுது. உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்."

எழுதினேன். குணசேகரன் மனைவி யசோதரா. என் பெயரும் அதில் வந்தது என்பது உண்மைதான்.

அடுத்த வாரமே அவள் கல்யாண வண்டிக்கு ஆர்டர் பிடித்துவிட்டாள். மணலி புதுநகரில் முதல் கல்யாணம். எனக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், அவளே தைத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால், யசோதரா முன்னால் என் பக்கத்தில், நான் கை கியரைப் பிடித்தபடி. ரீபைனரி ஓரமாக வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. எதிரே வந்த ட்ரெய்லர்காரர்கள் எல்லாம் ஒதுங்கி ஹாரன் அடித்தார்கள். அதில் இரண்டு பேர் யார்டுப் பழக்கம். ஒருவன் எட்டிப் பார்த்து, "குணா அண்ணே, யாரு வண்டிண்ணே இது?" என்று கத்தினான். நான் சிரித்துவிட்டு ஓட்டினேன். மண்டபத்தில் மாப்பிள்ளையைவிட அதிகமாக போட்டோ எடுத்துக்கொண்டது ஆட்டுக்கடாதான். திரும்புவதற்குள் இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் யசோதராவின் நம்பரை வாங்கிவிட்டார்கள்.

வரும் வழியில் வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணாடியை இறக்கியிருந்தோம். மனசு நிறைந்து கிடந்தது. இதற்குமேல் தாங்காது என்று சொல்லிவிட்டேன்.

"யசோ. பிராங்கிளின் சார்னு ஒருத்தர் இல்ல."

"தெரியும்" என்றாள்.

"எப்பலேந்து?"

"மொத நாள்லேந்து."

"அப்ப ஏன்மே கேக்கல?"

"கேட்டிருந்தா நீ தலையக் குனிஞ்சிக்கினு அன்னிக்கே வண்டியக் காயலாங்கடைல வுட்டிருப்ப. கேக்காத விட்டதால முடிச்ச." தலையில் சரிந்த பூவைச் சரிசெய்துகொண்டாள். "வண்டி எனக்கும் புடிச்சிருந்துது."

கொஞ்ச தூரம் ஓட்டினேன். கண்ணில் தூசி. ரீபைனரிப் பக்கம் எப்போதும் அப்படித்தான். பிறகு தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டேன்.

"நான்தான் உண்மையச் சொல்லிட்டேனே. இப்ப வண்டிய என் பேருக்கு மாத்திக்கலாமா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"மாத்தலாம். ஆனா எனக்குக் குடுத்தவரு அவருதானே, அவராண்ட ஒரு வார்த்த கேக்காத மாத்தினா மரியாதையா இருக்காது. போன் பண்ணட்டும், கேட்டுச் சொல்றேன்."

வாரம் தவறாமல் போன் பண்ணிக்கொண்டிருந்த மனுஷன், அன்றிலிருந்து ஒரு தடவைகூடப் பண்ணவில்லை.